கொழுப்பு அரிந்த நாட்கள்

3 பிப்ரவரி 2025, திங்கள்

எடை 93.4.

காலையில் டீக்கடையில் இரண்டு புரோட்டா, பீஃப் வறுவல் ஒரு பிளேட். மதியம் சோறு, மீன்குழம்பு, எலும்போடு போட்ட இறைச்சிக் குழம்பு கொஞ்சம். 'கொஞ்சம்' என்று எழுதக்கூடாதாம். எத்தனை துண்டு என்று எழுத வேண்டுமாம். ஏழு துண்டு.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் பார்க்கிற சுபிதா மேடம்தான் இப்படி எழுதச் சொன்னார். "வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் எழுதுங்க ஷிஜின். எனக்குக் காட்டணும்னு இல்ல. நீங்க பாக்கணும்" என்றார். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியது எல்லாம் 'இன்று கடை உண்டு', 'இன்று கடை இல்லை' என்று பலகையில் எழுதியதுதான்.

எதற்காக எழுதுகிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒரே ஒரு அக்கா. பெமிலா. நாற்பத்திரண்டு வயது, கணக்கு டீச்சர். ஒரு சொட்டு குடித்தவள் இல்லை. அவள் உடம்பே அவளுடைய ஈரலைப் பகையாக நினைத்து அழித்துக்கொண்டிருக்கிறது என்கிறார் டாக்டர். மருந்துக்கு அடங்கும் கட்டம் தாண்டிவிட்டது. உயிரோடு இருக்கிற ஒருவர் தன் ஈரலில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும். மஸ்கட்டிலிருந்து ஓடி வந்த ஜெனின் அத்தானுக்கு ரத்த குரூப் சேரவில்லை. எங்களைப் பெற்ற அம்மைக்கு வயது கடந்துவிட்டது. அக்கா மகள் பிரீனாவுக்குப் பதினேழுதான், சட்டம் விடாது. மிச்சம் நான்.

எனக்கு எல்லாம் பொருந்தியது. ஒன்றைத் தவிர. ஸ்கேனில் என் ஈரலில் இருபத்துநான்கு சதவீதம் கொழுப்பு. பத்துக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்பார்கள். "ஒன்பது வாரம் பாக்கலாம்" என்றார் டாக்டர். ஒன்பது வாரத்துக்கு அப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

புதுக்கடை சந்திப்பில் பதினான்கு வருடமாக மாட்டிறைச்சிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு தவறாமல் ஈரல் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு உள்ளேயும் ஒன்று கிடக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

4 பிப்ரவரி, செவ்வாய்

மேடம் கொடுத்த தாளை என் மனைவி சுஜி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள். புரோட்டா இல்லை. பொரித்தது இல்லை. சர்க்கரை இல்லை. மது அறவே இல்லை. சோறு ஒரு கப். தோல் உரித்த கோழி நெஞ்சுக்கறி, மீன், முட்டையின் வெள்ளை, பயறு, தயிர். தினமும் ஒரு மணி நேரம் நடை.

நேற்று நான் மேடத்திடம் கேட்டேன்: "மாட்டெறச்சிய விட்டுரணுமா?"

"எதுக்கு விடணும்? உங்க தசை கரையக்கூடாது, கொழுப்பு மட்டும்தான் கரையணும். அதுக்கு எறச்சி நல்லது. வாரத்துல ரெண்டு நாள், கொழுப்பில்லாத கறியா அளவா சாப்பிடுங்க. எது கொழுப்பில்லாததுன்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

வீடு வரைக்கும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. எனக்கா தெரியாது? கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே இது எந்த இடத்துக் கறி என்று சொல்வேன். பின்தொடைக்கு உள்ளே உருண்டையாக இருக்கும் கறியில் ஒரு வெள்ளைக் கோடு இருக்காது. முதுகெலும்பை ஒட்டி உள்ளே நீளமாகக் கிடப்பதை ஹோட்டல்காரர்கள் அண்டர்கட் என்று கேட்டு வாங்கிப் போவார்கள். இவற்றை எல்லாம் மற்றவர்களுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, நெஞ்சுப் பக்கத்துக் கறியை, வெள்ளை அடுக்கடுக்காகப் படிந்ததை, 'இதாக்கும் ருசி' என்று எடுத்து வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தவன் நான். பதினான்கு வருடம்.

6 பிப்ரவரி, வியாழன்

கோழி நெஞ்சுக்கறி வாங்க யூஜின் கடையில் போய் நின்றேன். என் கடைக்கு நாலு கடை தள்ளி. "எறச்சிக்கடைக்காரன் கோழிக்கடையில நிக்கான். லோகம் முடியப் போவுது" என்றான் யூஜின். காரணம் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. தோலை உரித்து, நெஞ்சு எலும்பை ஒட்டி இருந்த மஞ்சள் கொழுப்பையும் அவனே கிள்ளி எடுத்துத் தந்தான்.

வீட்டில் அம்மை அதைத் தொடவே இல்லை. என் தட்டில் வழக்கம்போல் சோற்றைக் குவித்தாள். நான் பாதியை எடுத்து மாற்றினேன். அவ்வளவுதான், வெடித்துவிட்டாள்.

"ஒரு பிள்ளைய அறுக்கப் போறாங்க, அது போதாதா? ரெண்டு பிள்ளையளையும் ஒரே நாளு மேசையில கெடத்திட்டு நான் எந்த வாசல்ல போய் நிப்பேன் லே? செல்லு. எந்த வாசல்ல?"

 எழுந்து கை கழுவிவிட்டு நடக்கப் போனேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

92.1.

கடை முடிந்ததும் நெய்யூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். கண் மஞ்சள். கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. கை மட்டும் குச்சி மாதிரி. சாப்பாடு பக்கத்தில் அப்படியே இருந்தது.

"நீ குடுக்க வேண்டாம் லே" என்றாள். "உனக்கு ஒரு குடும்பம் உண்டு."

"உனக்கு இல்லியா?"

"நான் செல்லுகத கேளு."

"சின்னப் பிள்ளையில இருந்து நீ செல்லுகத கேட்டிருக்கேன். இத மட்டும் கேக்க முடியாது."

திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது பிரீனா பைக் அருகில் வந்து நின்றாள். "மாமா, செப்டம்பர்ல எனக்குப் பதினெட்டு ஆவும். அதுவரைக்கும் எப்படியாவது அம்மாவ வச்சிருக்கச் சொல்லுங்க டாக்டர்ட்ட. நான் தாறேன். எனக்கு இப்ப ஸ்கேன் எடுத்தா கொழுப்பே இருக்காது."

செப்டம்பர் வரை அக்காவுக்கு நாள் இல்லை. அது இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. "சரி மக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். எதற்காகக் கொடுக்கிறாய் என்று கடையில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். இதில் என்ன கேள்வி. அக்கா. வேறு என்ன காரணம் வேண்டும்.

12 பிப்ரவரி, புதன்

பின்தொடைக் கறி எடுத்துச் சுஜி குழம்பு வைத்தாள். கயிறு மாதிரி. மென்று மென்று தாடை வலித்தது. சுஜியும் அதையே தின்றாள். "உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுண்ணு வைக்க முடியாது. இனி ஒரே சட்டிதான்" என்றாள். கொழுப்பு இல்லாத கறி வேகும்போது ஈரம் போய் இறுகிவிடுகிறது. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தே ஆக வேண்டும். நானும் கறிக்காரன்தானே.

16 பிப்ரவரி, ஞாயிறு

90.3.

இன்று ஒரு காரியம் செய்தேன். வழக்கமாக வீட்டுக்கு எடுக்கும் நெஞ்சுக்கறி ஒரு கிலோ எடுத்து வந்து, வெறும் தண்ணீரும் உப்பும் போட்டு மூன்று மணி நேரம் வேகவிட்டேன். சாற்றை மட்டும் வடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் மேலே வெள்ளையாக ஒரு வட்டம் உறைந்து கிடந்தது. கத்தி நுனியால் நெம்பினேன். அப்பம் மாதிரி முழுசாக எழும்பி வந்தது. விரல் தடிமன். தராசில் வைத்தேன். இருநூற்றுப் பத்து கிராம்.

அம்மை வந்து பார்த்தாள். "இது என்னது லே, மெழுகா?"

"நாம ஞாயித்துக்கிழமை தின்னுகதுதான் அம்மை."

விரலால் தொட்டாள். கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்தும் வழுவழுப்பு போகவில்லை. "இதா உனக்க ஈரல்ல கெடக்குது?"

"இது மாதிரிதான்."

இது அப்படியே போய் ஈரலில் ஒட்டுவது இல்லை, சோறு, சர்க்கரை, எண்ணெய், உட்கார்ந்தே இருப்பது எல்லாம் சேர்ந்துதான் என்று மேடம் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். அம்மையிடம் நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

"இது உள்ள கெடந்தா பெமிலாக்குக் குடுக்க முடியாதா?"

"முடியாது."

தராசுத் தட்டின் அருகில் குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இன்னும் எத்தன நாளு இருக்கு?"

"அம்பது."

நேராக அடுக்களைக்குள் போனாள்.

17 பிப்ரவரி, திங்கள்

குழம்பில் தேங்காய் பாதிதான். சட்டியில் எண்ணெய் மிதக்கவில்லை. சமைத்தது அம்மை. 

20 பிப்ரவரி, வியாழன்

கிடைத்துவிட்டது.

கறியின் மேல் வெள்ளி மாதிரி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. கடையில் அதை யாரும் எடுப்பதில்லை. இறுக்கம் பாதி அதனால்தான். கத்தியைப் படுக்கவைத்து அதை உரித்தேன். பிறகு நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்தேன். தயிர், இஞ்சி, பூண்டு, மிளகு, பெருஞ்சீரகம் போட்டு இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன். குக்கரில் தனித் தண்ணீர் விடாமல், அதன் ஈரத்திலேயே அம்மை வேகவைத்தாள். கடைசியில் தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய், வெங்காயம், கறிவேப்பிலை, அதில் போட்டுப் பிரட்டி எடுத்தாள்.

பஞ்சு. மிளகுக் காரம் நேராக நாக்கில் வந்து பிடிக்கிறது. முன்பெல்லாம் கொழுப்புக்குள் மசாலாவே தெரியாமல் கிடந்திருக்கிறது போல.

அம்மை ஒரு துண்டு வாயில் போட்டாள். இன்னொன்றும் எடுத்தாள். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் வாயில் அது பெரிய வார்த்தை.

24 பிப்ரவரி, திங்கள்

88.9. பெல்ட்டில் புது ஓட்டை.

2 மார்ச், ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

சபை ஆண்டுவிழா அசனம், கோயிலில் ஊருக்கெல்லாம் பந்தி. இறைச்சி வெட்டிக் கொடுத்தது நான்தான். பெரிய வார்ப்பு அண்டாக்களில் கொதித்துக்கொண்டிருந்தது. வறுத்த தேங்காயும் மல்லியும் சேர்ந்த வாசனை கோயில் முற்றம் முழுதும். எலும்பிலிருந்து கழன்ற கொழுப்பு மேலே மினுங்குகிறது. நான்கு வாரம் கோழி நெஞ்சும் பயறும் தின்ற மனிதன். என்னோடு படித்த லிஜோ வாளியோடு வந்தான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானேதான் இலையைக் காட்டினேன். மூன்று தடவை.

அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. அக்கா ஞாபகமே வரவில்லை.

பெண்கள் பந்தியில் சுஜி இருந்தாள். என்னைப் பார்த்தாள். தலையைக் குனிந்து தன் இலையைப் பார்த்துக்கொண்டாள்.

என்ன மனுஷன் நான்.

3 மார்ச், திங்கள்

89.8. நேற்றுக் காலை 88.3. ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ.

சுபிதா மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "உப்பும் தண்ணியும்தான் பாதி, இறங்கிடும். நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு நான் கேக்கல. இன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு முட்டை வெள்ளை. பயறு."

"அப்ப எதுக்கு எனக்குப் போன்? நடக்கப் போங்க."

ஒரு மணி நேரம் சொன்னது. ஒன்றரை மணி நேரம் நடந்தேன். சுஜியும் வந்தாள்.  பாதி தூரம் போனதும் சொன்னாள்: "நீங்க குடுக்கதுல எனக்குப் பயம் இல்லேண்ணா அது பொய். ஆனா குடுக்க முடியாமப் போச்சுண்ணா அதுக்கப்புறம் நீங்க எப்படி இருப்பியண்ணு நினைச்சா, அது அத விடப் பயம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைவிட வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.

10 மார்ச், திங்கள்

87.1. பாதிவழி ஸ்கேன். பதினாறு.

இருபத்துநான்கிலிருந்து பதினாறு. எனக்கு அது பெரிதாகத் தோன்றியது. டாக்டர் சிரிக்கவில்லை. "நல்லது. ஆனா போதாது. இன்னும் நாலு வாரம். அதுக்கு மேல காத்திருங்கன்னு உங்க அக்காகிட்ட என்னால சொல்ல முடியாது."

அசனத்தில் தின்ற மூன்று தடவையை எண்ணிக்கொண்டே பஸ்சில் வந்தேன்.

14 மார்ச், வெள்ளி

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வயிற்றிலிருந்து ஐந்து லிட்டர் நீர் எடுத்தார்களாம்.

அது பெரிதில்லை. டாக்டர் அவளிடம் கேட்டார்: "டீச்சரே, நூறிலேருந்து ஏழைக் கழிச்சா?"

அக்கா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள். தொண்ணூறு என்றாள். பிறகு எண்பது என்றாள். பிறகு, "என்ன கேட்டிய?" என்றாள்.

ரத்தத்தில் நஞ்சு ஏறினால் மூளை இப்படி மங்குமாம், மருந்து கொடுத்தால் தெளியுமாம். ஜெனின் அத்தான் வராந்தாவில் சுவரோடு நின்று அழுதார். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள்—எனக்கும்தான்—

போதும். அழுதால் கொழுப்பு கரையாது. நடக்கப் போகிறேன்.

15 மார்ச், சனி

முட்டை வெள்ளை மூன்று. பயறு. தயிர். கோழி நெஞ்சு நூற்றைம்பது கிராம். முட்டைக்கோஸ், வெண்டைக்காய். ஏழு கிலோமீட்டர்.

அக்கா தெளிந்துவிட்டாள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று அவளே சொல்லிக் காட்டினாளாம்.

18 மார்ச், செவ்வாய்

85.9. ஏழு கிலோமீட்டர்.

23 மார்ச், ஞாயிறு

85.0.

கடையில் இன்று நடந்ததை எழுத வேண்டும். என்னோடு பத்து வருடமாக வெட்டுகிறவர் ரசலையன் அண்ணன். மூன்று வாரமாகக் காலையில் முதல் வேலையாக எனக்குரிய கறியை அவரே எடுத்து, சவ்வு உரித்து, தனியாக வாழையிலையில் வைத்துவிடுகிறார். இன்று, வழக்கமாக என்னிடம் வாங்கும் செல்லத்தாய் வந்து நின்றாள். வீட்டுக்காரருக்குப் போன மாதம்தான் இதயத்தில் குழாய் வைத்தார்கள்.

"ஷிஜினே, அந்த இலையில வச்சிருக்குது என்னது?"

"அது எனக்குள்ளது."

"அதுமாதிரி எனக்கும் முக்கா கிலோ வெட்டு. ஆஸ்பத்திரில எறச்சியே கூடாதுண்ணு சொல்லல கேட்டியா, கொழுப்பு கூடாதுண்ணுதான் சொன்னாங்க. அத எப்படிப் பாத்து வாங்கணும்ணு எனக்குத் தெரியல்ல."

வெட்டிக் கொடுத்தேன். குறுக்கே அரிவது, தயிரில் ஊறவைப்பது எல்லாம் சொன்னேன். பின்னால் நின்றவர்களும் கேட்டார்கள். எட்டு மணிக்குள், 'ஷிஜினுக்கு எடுக்கிற எறச்சி அரைக் கிலோ' என்று ஐந்து பேர் வாங்கிவிட்டார்கள். எனக்கு வைத்திருந்ததையும் ரசலையன் அண்ணன் விற்றுவிட்டார். பிறகு ஞாபகம் வந்து தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த தொடையிலிருந்து எடுத்தார்.

30 மார்ச், ஞாயிறு

84.1. சாக்லேட் விளம்பரத்தைப் பார்த்தாலும் இப்போது ஒன்றும் தோன்றவில்லை. புரோட்டா மட்டும் தோன்றுகிறது.

6 ஏப்ரல், ஞாயிறு

83.2. பத்து கிலோ போய்விட்டது. நாளை ஸ்கேன்.

கடையில் வெட்டும்போது கத்தி இரண்டு தடவை வழுக்கியது. ரசலையன் அண்ணன் கத்தியை வாங்கி வைத்துவிட்டு, "நீ போய் உக்காரு. விரல வெட்டிட்டுப் போனா அதுக்கு வேற தனியா ஆஸ்பத்திரில சேர்க்கணும்" என்றார்.

7 ஏப்ரல், திங்கள்

ஆறு.

ஆறு சதவீதம்.

டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்கு அந்தப் படத்தில் ஒன்றும் புரியவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். சிரித்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "ஷிஜின், நான் பத்துதான் கேட்டேன்" என்றார்.  வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

சுஜிக்குப் போன் போட்டேன். ஸ்கேன் முடிந்தது என்று மட்டும் சொன்னேன். அவள் தப்பாக நினைத்துக்கொண்டு, "பரவாயில்ல, பரவாயில்ல, வேற வழி பாக்கலாம், நீங்க மொதல்ல வீட்டுக்கு வாங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஆறு ஏட்டி. ஆறு."

 பிறகு அம்மையின் குரல். போனைப் பிடுங்கிவிட்டாள். "எத்தன?"

"ஆறு அம்மை."

"பத்துக்குக் கீழ தானே அது?"

"ஆமா."

போனை வைக்கக்கூட இல்லை. கையில் பிடித்தபடியே வெளியே ஓடினாள் போல. பக்கத்து வீட்டில், அடுத்த வீட்டில், ஆறு, ஆறு என்று அவள் சொல்லிக்கொண்டே போவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ரோட்டில் போன மீன்காரரிடம்கூடச் சொன்னாள். பிள்ளைகள் இரண்டு பேரையும் மேசையில் கிடத்திவிட்டு எந்த வாசலில் நிற்பேன் என்று வெடித்த அதே அம்மை.

சுபிதா மேடம் கை கொடுத்தார். டைரியைக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "அது உங்களுக்கு உள்ளது."

மாடி ஏறி அக்காவிடம் போனேன். விழித்துத்தான் இருந்தாள். "பாஸா லே?" என்றாள்.

"பாஸ்."

"எத்தன மார்க்கு?"

"ஆறு."

"உனக்குப் பத்தாங்கிளாசுல கணக்குல விழுந்ததும் கிட்டத்தட்ட இதுதான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னத்தில் எலும்புதான் இருந்தது. வேண்டாம் என்று இன்று சொல்லவில்லை.

15 ஏப்ரல், செவ்வாய்

உறுப்புக் கொடுக்க அனுமதி தருகிற குழு முன்னால் போய் நின்றோம். ஐந்து பேர் மேசைக்கு அந்தப் பக்கம்.

"உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா?"

"ஆமா சார். எனக்க அக்காதான். குடுக்கக்கூடாதுண்ணு வற்புறுத்தினா."

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சுஜியிடமும் தனியாகக் கேட்டார்கள். என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

வருடத்தில் அதிகம் இறைச்சி போகிற நாள். கடையை ரசலையன் அண்ணனே பார்த்துக்கொண்டார். நான் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். ஈஸ்டர் காலையில் முழு ஆராதனைக்கும் இருந்து எத்தனை வருடமாகிவிட்டது.

23 ஏப்ரல், புதன்

நாளைக்கு. ஆபரேஷன் எனக்கு முதலில், அக்காவுக்குப் பின்னால்.

எந்த வாசலில் நிற்பாய் என்று அம்மையிடம் கேட்டேன். "ரெண்டு ரூமுக்கும் நடுவுல ஒரு பெஞ்சு கெடக்கு. காலையிலேயே பாத்து வச்சாச்சு" என்றாள்.

பயம் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் சுத்தமாக இருக்கிறேன். கொடுக்கிற பொருள் சுத்தமாக இருக்கிறது. இறைச்சிக்கடைக்காரனுக்கு அந்தத் திருப்தி என்னவென்று இறைச்சிக்கடைக்காரனுக்குத்தான் தெரியும்.

29 ஏப்ரல், செவ்வாய்

வலி. பேனா பிடிக்க முடிகிறது. அக்கா நேற்று கண் விழித்தாள். கண்ணில் வெள்ளை தெரிகிறது என்று பிரீனா வந்து சொன்னாள். மஞ்சள் இல்லை, மாமா, வெள்ளை.

8 மே, வியாழன்

என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கனம் தூக்கக்கூடாது, மூன்று மாதம். புறப்படும்போது அக்காவைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும். கையை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன்.

2 ஆகஸ்ட், சனி

மூன்று மாத ஸ்கேன். என் ஈரல் ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்துவிட்டது. கொழுப்பு நான்கு. எடை 81.5. டாக்டர் புரோட்டா எப்போதாவது சாப்பிடலாம் என்றார். திரும்பும் வழியில் டீக்கடையில் ஒன்று தின்றேன். ஒன்று போதுமாக இருந்தது.

3 நவம்பர், திங்கள்

அக்கா இன்று பள்ளிக்கூடத்துக்குப் போனாள். முதல் நாள். டாக்டர் அரை நாள் போதும் என்றார், அவள் முழு நாள் என்றாள், அரை நாள் என்று முடிந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டுதான். வெளியில் எதுவும் வாங்கித் தின்னக்கூடாது என்பதால் சாப்பாடு இங்கிருந்து. அம்மை நன்றாக வேகவைத்துப் பிரட்டிய இறைச்சி, ஒரு கப் சோறு, தேங்காய் போட்டுப் பிரட்டிய பயற்றுத் தோரன். எட்டு மணிக்கு நானே பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினொரு மணிக்கு டப்பாவைத் திறக்க வேண்டும் என்று கணக்கு.

பத்தேகாலுக்குப் போன். கடையில் கூட்டம் இல்லை. கத்தியை அப்படியே போட்டுவிட்டு எடுத்தேன்.

"என்னக்கா? என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல்ல லே. பசிக்குது. ரெண்டாவது பீரியடு பாதியிலேயே பசிச்சிட்டு. பிள்ளையளுக்குக் கணக்குப் போட்டுக் குடுத்துட்டு ஸ்டாஃப் ரூமுல வந்து இருந்து எல்லாத்தையும் தின்னுட்டேன். டப்பா காலி."

பசி என்கிறாள். ஒரு வருடமாக இவள் வாயிலிருந்து கேட்காத வார்த்தை.

"லே, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"நாளைக்குக் கொஞ்சம் கூடுதலா வச்சு விடச் செல்லு அம்மைட்ட. இது போதல்ல."

பின்னால் மணி அடித்தது. போனை வைத்துவிட்டாள், வகுப்பு இருக்கிறதாம்.

நாளைக்கு இருநூறு கிராம் கூட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.